கோட்டைக்குள் காலனி, கோட்டைக்கு வெளியே ஊர்

நாங்கள் எடுத்த முற்றுகைப் படத்தை யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் ஏற்றிவிட்டார். ஓடாத படம். வெளியான காலத்தில் தியேட்டர் ஆபரேட்டரே இடைவேளையோடு வீட்டுக்குப் போகலாமா என்று யோசித்த படம். இப்போது அதற்கு ரசிகர்கள் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், பேராசிரியராக இருக்க வேண்டும், நீளமாக எழுதியிருந்தார். இடைவேளைக்குப் பிறகு கோட்டையை வளைத்து நிற்கும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பாதியாகச் சுருங்கிவிடுகிறதாம். அந்தப் படையிலும் கோட்டைக்குள் இருக்கும் மக்களின் முகங்களே தெரிகின்றனவாம். எதிரி நமக்குள்ளேயே இருக்கிறான் என்று இயக்குநர் குறியீடாகச் சொல்கிறாராம்.

யூனியன் ஆபீசில் இன்றைய புரொடக்‌ஷன் மேனேஜர்கள் இதை எனக்கு வாசித்துக் காட்டி, "அண்ணே, நெஜமாவா?" என்று கேட்டார்கள். அந்தப் படத்துக்கு நான்தான் மேனேஜர். குறியீட்டுக்கெல்லாம் எங்கள் பட்ஜெட்டில் இடம் கிடையாது. ஆள் வரவில்லை, அவ்வளவுதான். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஒரு சிப்பாயை வரைந்து பத்தாயிரமாகப் பெருக்கிக்கொள்கிறார்கள். அந்தச் சிப்பாய் சோறு கேட்க மாட்டான், எந்தப் பந்தியில் உட்காருவது என்று கேட்க மாட்டான், சாலை மறியலுக்கும் போக மாட்டான். எங்களுக்குக் கிடைத்தவர்கள் இந்த மூன்றையும் செய்தார்கள்.

நான் பிறந்தது தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் காலனியில், மாதாகோயில் தெருவில். மாதாகோயில் தெரு என்று சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மிச்சம் புரிந்துவிடும். அருள்தாஸ் என்ற பெயரைக் கேட்டால் மிச்சத்தில் மிச்சமும் புரிந்துவிடும். பத்தாவது முடித்து, கரும்பு வெட்டப் பிடிக்காமல் கோடம்பாக்கம் போனேன். கதாநாயகிகளுக்குக் குடை பிடித்தேன், கதாநாயகிகளின் அம்மாக்களுக்கு அதைவிட அதிகமாகப் பிடித்தேன், டிபன் கேரியர் தூக்கினேன், வண்டிக்காரர்களிடம் திட்டு வாங்கினேன், பிறகு நானே அவர்களைத் திட்டக் கற்றுக்கொண்டேன். இதைத்தான் அனுபவம் என்கிறார்கள்.

சதாசிவம் என்ற இயக்குநர் என்னைக் கூப்பிட்டனுப்பியது என் திறமைக்காக அல்ல. மலைக்கோட்டை ஒன்று வேண்டும், அதன் கீழே மலிவாக மனிதர்கள் வேண்டும். நான் அந்த ஊர்க்காரன்.

சதாசிவம் ஒரு தனிப் பிறவி. கோபம் வந்தால் மற்ற இயக்குநர்கள் கத்துவார்கள், செருப்பைக் கழற்றுவார்கள். இவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதை ஏறும், குரல் இறங்கும். சாதாரண நாளில் நான் அவருக்கு "அருளு". காபி ஆறிவிட்டால் "அருள்தாஸ்". குதிரை வரவில்லை என்றால் "அருள்தாஸ் அவர்களே." ஒரு தடவை பீரங்கி இழுக்கும் மாடு சாணி போட்டு ஷாட் கெட்டபோது, "மதிப்பிற்குரிய அருள்தாஸ் அவர்களே, அந்த மாட்டுக்கும் தங்களுக்கும் ஒரு சிறு விண்ணப்பம்" என்று என் காதருகே முணுமுணுத்தார். யூனிட்டே நடுங்கியது.

கதை எளிமையானது. மலைக்கோட்டையும் அதன் அடிவாரத்து ஊரும். கம்பெனிப் படை வந்து வளைத்துக்கொள்கிறது. ஊர் மக்கள் கோட்டைக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, பட்டினி கிடந்து, கடைசிவரை பணிய மறுக்கிறார்கள். ஆக எனக்கு இரண்டு கூட்டம் தேவைப்பட்டது. உள்ளே வேட்டியும் முண்டாசும் ஈட்டியும், வெளியே சிவப்புக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையும்.

ஆள் சேர்ப்பது சிரமமாக இல்லை. மழை பொய்த்த வருஷம். ஊரும் வந்தது, காலனியும் வந்தது. சிரமம் முதல் நாள் மதியம் இலை போட்டபோது தொடங்கியது. காலனி ஆட்கள் உட்கார்ந்த வரிசையில் ஊர்க்காரர்கள் உட்காரவில்லை. பசியோடு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவன் கோவிந்தன். கரும்பு விவசாயி, வாட்டசாட்டமான ஆள், பேச்சில் மரியாதை குறையாது.

"சோறு வேணான்னு சொல்லல மேனேஜரே. தனியா போட்ருங்க. ஊர்ல நாங்க இன்னா செய்யறமோ அதான் இங்கயும்."

நான் மாதாகோயில் தெருக்காரன் என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். மேனேஜர் என்பதால் எனக்கு ஒரு "ங்க" கிடைத்தது. அந்த "ங்க"வை வைத்துக்கொண்டு அவனிடம் புரட்சி பேசினால் மறுநாள் படை இருக்காது. அதனால் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களைப் பிரித்தேன். ஊர்க்காரர்கள் மொத்தமும் கம்பெனிப் படை. காலனிக்காரர்கள் மொத்தமும் கோட்டை மக்கள். படைக்குச் சோறு அடிவாரத்தில், கோட்டைக்குச் சோறு மேலே. யாரும் யாரோடும் உட்கார வேண்டியதில்லை.

மறுநாள் சதாசிவம் இதைக் கவனித்துவிட்டு என் தோளில் தட்டினார். "அருளு, பிரமாதம்! ரெண்டு கூட்டத்தையும் பழகவே விடாம வெச்சிருக்க பாரு, அந்தப் பகை கண்ணுல தெரியுது. எங்கேய்யா கத்துக்கிட்ட?"

"இங்கதான் சார், பொறந்ததுலருந்து" என்றேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

கோட்டைக்காரர்களுக்கு சின்னப்பன் என்றொருவன் தலைவனாக அமைந்தான். கிணறு வெட்டுகிறவன், தோள் இரண்டும் கல் மாதிரி. அவனுக்கு ஒரே வருத்தம்தான். "கதையில நாங்கதான் பட்டினியாங்க? இங்கயுமா?" என்று கேட்டான். கோவிந்தனின் தம்பி முருகேசன் நேர்மாறு. சினிமாப் பைத்தியம். கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் ஒரு சிவப்புக் கோட்டு தெரியும். அது முருகேசன். ஒரே சண்டையில் நாலு முறை செத்துவிட்டு ஐந்தாவது முறை ஓடிவந்தவன்.

அந்த வருஷங்களில்தான் ஊர்க்காரர்களின் இடஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் கரும்புக் காட்டில் நின்ற கோபம் அது, நியாயமான கோபம். ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்து விசில் ஊதினால் கம்பெனிப் படையைக் காணவில்லை. துப்பாக்கிகளை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, சிவப்புக் கோட்டுகளைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கால்சட்டையைக் கழற்ற நேரமில்லை போலிருக்கிறது. சாயங்காலத்துக்குள் கள்ளக்குறிச்சிச் சாலையில் புளியமரங்கள் வரிசையாகக் குறுக்கே விழுந்தன. வெட்டியவர்களில் பாதிப்பேர் வெள்ளைக் கால்சட்டையில் இருந்தார்கள் என்று எங்கள் உடையலங்காரக்காரர் வயிற்றில் அடித்துக்கொண்டார்.

முற்றுகைப் படம் எடுக்கப் போன நாங்கள் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டோம். சென்னையிலிருந்து ஃபிலிம் வரவில்லை, காய்கறி வரவில்லை, ஸ்டண்ட் ஆட்கள் வந்த பஸ் எங்கோ ஒரு மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. ஏணி செய்ய வெள்ளிமலையிலிருந்து மூங்கில் கொண்டுவந்த ஜீப்பில் சாமை மூட்டை இரண்டு இருந்தது, அது எங்களைக் காப்பாற்றியது. கதாநாயகன் சாமைச் சோற்றைப் பார்த்து, "இது பறவைங்க சாப்பிடறதில்லையா?" என்று கேட்டார். அடுத்த நாள் இரண்டாவது தட்டு கேட்டார்.

சதாசிவம் கலங்கவில்லை. "மதிப்பிற்குரிய அருள்தாஸ் அவர்களே, போராட்டக்காரர்கள் எத்தனை மணிக்கு பேக்கப் செய்வார்கள் என்று தயவுசெய்து விசாரித்துச் சொல்லுங்கள்" என்றார். மிச்சமிருந்த ஃபிலிமில் ஏணி விழும் காட்சியை எடுக்காமல் அவர் ஓயப்போவதில்லை. கம்பெனிச் சிப்பாய் ஒருவன் மூங்கில் ஏணியில் ஏறி மதிலைத் தொடுவான், கோட்டைக்காரர்கள் ஏணியைத் தள்ளுவார்கள், அவன் விழுவான். ஸ்டண்ட் ஆள் செய்ய வேண்டியது. நான் முடியாது என்றேன். "சார், ஃபைட்டர் வரட்டும்." அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் ஏர்றேன் சார்."

முருகேசன். அண்ணன் மறியலில், தம்பி ஷூட்டிங்கில். ஊர்க்காரர்களில் போகாமல் நின்ற ஒரு சிலரில் அவன் ஒருவன். "பனமரமே ஏர்றவன் சார் நானு. இது இன்னா, ஏணிதான?" என்றான்.

செய்முறை இதுதான். கீழே வைக்கோல், அதன் மேல் காலி அட்டைப்பெட்டிகள், அதன் மேல் தென்னைநார் மெத்தை, எல்லாவற்றுக்கும் மேல் மண் நிறத் துணி. ஏணியின் நடுவில் ஒரு கயிறு, அது மதிலுக்குப் பின்னால் இரண்டு பேர் கையில். தள்ளும்போது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் ஏணி நேராகச் சாயும், ஆள் மெத்தையில் விழுவான். இரண்டு ஒத்திகை பார்த்தோம், பழம் விழுவதுபோல விழுந்தான். மூன்றாவது, கேமரா ஓடியது. சின்னப்பன் ஏணியைத் தள்ளினான். முருகேசன் நடிப்பின் உச்சத்தில் ஒரு கையை விட்டு மார்பைப் பிடித்துக்கொண்டான். ஒத்திகையில் அது இல்லை. ஏணி முறுக்கிக்கொண்டது, கயிறு பிடித்திருந்தவர்களின் கையை அறுத்துக்கொண்டு போனது, அவன் மெத்தைக்கு வெளியே பாறையில் விழுந்தான்.

விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அது எலும்பின் சத்தம்.

அப்போதுதான் சதாசிவம் கத்தி நான் முதலும் கடைசியுமாகக் கேட்டேன். "டேய் அருளு! ஓடுடா! தூக்குடா அவன!"

தொடை எலும்பு முறிந்து, சதையைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. சிவப்புக் கோட்டில் ரத்தம் தெரியவில்லை, வெள்ளைக் கால்சட்டையில் தெரிந்தது. எங்கள் வேனில் ஏற்றலாம், ஆனால் மலை இறங்கிய இடத்திலேயே முதல் மரம். தோளில் தூக்கிக் கொண்டுபோவதைத் தவிர வழியில்லை. அதே மூங்கில் ஏணியில் மெத்தையைப் போட்டு அவனைக் கட்டினோம். நடுவில் தொய்ந்ததால் நாலைந்து ஈட்டிகளைக் குறுக்கே செருகினோம். தூக்குவதற்கு யார் இருக்கிறார்கள்? கோட்டை மக்கள்தான். முண்டாசும் ஒட்டுமீசையுமாகக் காலனி ஆட்கள் தோள் கொடுத்தார்கள். சின்னப்பன் தலைமாட்டில்.

நான் முன்னால் நடந்தேன். ஊர்க்காரப் பையனைக் காலனிக்காரன் தள்ளியிருக்கிறான். வேறு பக்கங்களில் அந்த நாட்களில் காலனிக் குடிசைகள் எரிந்த செய்தி வந்துகொண்டிருந்தது. நடிப்புக்குத் தள்ளினான் என்று யார் போய் யாருக்கு விளக்குவது? விளக்க வேண்டிய ஆளும் மாதாகோயில் தெருக்காரன்.

சாலையில் வெட்டிப் போட்ட புளியமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். வெயிலில் ஈட்டி முனைகள் மின்னின.

"டேய், காலனிக்காரனுங்க ஈட்டி எடுத்துக்கினு வர்றானுங்கடா!"

கொடுவாள்கள் உயர்ந்தன. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் வாழ்க்கையின் மிக வீரமான வசனத்தை அப்போதுதான் பேசினேன்.

"அட்டைங்க! முனையெல்லாம் அட்டைங்க! வெள்ளிப் பேப்பர் ஒட்டினதுங்க!"

கூட்டம் ஒரு கணம் குழம்பியது. அந்தக் கணத்தில் ஏணி வந்து சேர்ந்துவிட்டது. கோவிந்தன் மரத்திலிருந்து குதித்து வந்தான். தம்பியின் முகத்தைப் பார்த்தான், காலைப் பார்த்தான், ஏணியைத் தாங்கியிருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"யார்ரா தள்ளனது?"

ஏணியைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஏணி விழும் காட்சி பற்றித் தம்பி வீட்டில் முன்பே பீற்றியிருப்பான். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சின்னப்பன் பேசிவிட்டான்.

"நான்தாங்க."

ஏணியைத் தோளிலிருந்து எடுக்காமலே கோவிந்தனைப் பார்த்து மேலே பேசினான்.

"தள்ளச் சொன்னாங்க, தள்ளனேன். இப்ப தோள்ல இருக்கறதும் உங்க தம்பிதாங்க. அடிக்கணும்னா எறக்கி வெச்சிட்டு வர்றேன், அடிங்க. ஆனா எறக்கினா அவனுக்குத்தான் ஜாஸ்தி நோவும்."

கோவிந்தன் கையில் கொடுவாள் அப்படியே இருந்தது. ஏணி மேலிருந்து முனகல் வந்தது.

"ணா... கையி நான்தாண்ணா வுட்டேன். நடிப்பு நல்லா வரட்டும்னு... உயிர் போவுதுண்ணா. சண்டய அப்பறமா போட்டுக்கங்கண்ணா."

கோவிந்தன் கொடுவாளை மரத்தில் கொத்தி நிறுத்தினான். பின்னால் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினான். "இன்னாடா வேடிக்க பாத்துக்கினு இருக்கறீங்க? மரத்த இழுக்கறதுக்கு நேரம் ஆவும். மேல வாங்கி அந்தாண்ட குடுங்க!" என்றவன், சின்னப்பன் பிடித்திருந்த அதே மூங்கிலுக்கு அடியில் தன் தோளையும் கொடுத்தான்.

கள்ளக்குறிச்சி வரை எத்தனை மரம் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு மரத்திலும் ஏணி கைமாறி மேலே ஏறியது, அந்தப் பக்கம் இறங்கியது. மறித்திருந்தவர்களே வழி விட்டார்கள், அவர்களும் தூக்கினார்கள். மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குப் போக வேண்டிய கரும்பு டிராக்டர் ஒன்று இரண்டு மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. கரும்பின் மேல் ஏணியை ஏற்றி ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம் வரை போனோம். பிறகு மறுபடி தோள். வழியில் கோவிந்தன் ஒரே ஒரு தடவைதான் சின்னப்பனிடம் பேசினான். "பக்கம் மாத்திக்கறியா? உன் தோளு செவந்துட்ச்சி."

"வேணாங்க. எனக்குப் பழக்கம்."

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார். முண்டாசு, ஒட்டுமீசை, வெள்ளைக் கால்சட்டை, நடுவில் ஒரு சிவப்புக் கோட்டு. "எந்த நாடகக் கம்பெனி?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் தாமதமாகியிருந்தால் காலை எடுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் பிறகு சொன்னார். எல்லோரும் வாசலில் பசியோடு உட்கார்ந்திருந்தோம். கடைகள் அத்தனையும் மூடியிருந்ததால் எந்த டம்ளரில் யாருக்கு டீ என்ற கேள்வி அன்று எழவில்லை.

அதன் பிறகு இரண்டு பந்தியும் ஒன்றாகிவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆகவில்லை. மரங்கள் அகற்றப்பட்டு, படப்பிடிப்பு மறுபடி தொடங்கியபோது ஊர்க்காரர்களில் பாதிப்பேர் வரவில்லை. சிலர் ஜெயிலில், சிலர் போலீசுக்குப் பயந்து மலையில். வந்தவர்கள் பழையபடி தனியாகத்தான் சாப்பிட்டார்கள். கோவிந்தனும் அப்படித்தான். ஒன்றே ஒன்று மாறியது. அதுவரை "ஏய்" என்று கூப்பிட்டவன் "சின்னப்பா" என்று கூப்பிட ஆரம்பித்தான். பேராசிரியருக்கு அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். எங்கள் பக்கத்தில் அதற்கே பல தலைமுறை ஆனது.

படை போதவில்லை. காலனி ஆட்களே காலையில் முண்டாசு கட்டி மதில் மேல் நின்றார்கள், மதியம் சிவப்புக் கோட்டு மாட்டி மதிலுக்குக் கீழே நின்றார்கள். தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள். குறியீடு இவ்வளவுதான் ஐயா.

ஒரு சங்கடம் மட்டும் மிச்சமிருந்தது. முருகேசன் விழுந்தது முழுக்க ஃபிலிமில் இருந்தது. சதாசிவம் எடிட்டிங் மேஜையிலிருந்து எனக்கு போன் செய்தார். குரல் மிகவும் தணிந்திருந்தது, ஆனால் அது கோபம் அல்ல. "அருளு, அந்த ஷாட்ட வெக்கவா, எடுக்கவா? அவன்ட்ட கேட்டு வா. அவன் வேணாம்னா எரிச்சிடறேன்."

போனேன். காலில் மாவுக்கட்டோடு முருகேசன் கட்டிலில் கிடந்தான். அவன் அம்மா பச்சையம்மாள் என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றைத் தேடினார். "எம்புள்ள கால ஒடிச்சிட்டு இன்னா மூஞ்ச வெச்சிக்கினு வூட்டுக்கு வர்ற?" நான் வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னேன். உள்ளேயிருந்து முருகேசன் அலறினான். "எடுத்தீங்கன்னா இன்னொரு கால்லயே வந்து உதைப்பேன் சார்! கால ஒடிச்சிக்கினு நடிச்சிருக்கறேன், அத வெட்டிட்டு இன்னாத்தக் காட்டப் போறீங்க?"

படம் எல்லா ஊரிலும் படுத்தது. தியாகதுருகம் டூரிங் டாக்கீஸில் மட்டும் நின்றது. நான் முதல் ஆட்டத்துக்குப் போனேன். தரை டிக்கெட்டில் இரு பக்கத்து ஆட்களும், நடுவே வழக்கமான இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். கதையை யாரும் பார்க்கவில்லை, அவரவர் முகத்தைத் தேடினார்கள். "டேய், அதோ நானு!" "எங்கடா?" "குதிர வால்கிட்ட!"

பச்சையம்மாள் வரமாட்டேன் என்று சாதித்துவிட்டுக் கடைசி நேரத்தில் வந்திருந்தார். ஏணிக் காட்சி வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தியேட்டரே எழுந்து விசிலடித்தது. ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு முருகேசன் எல்லோருக்கும் வணக்கம் வைத்தான்.

சத்தம் அடங்கியதும் முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது. "வுழுந்துட்டானா?"

"வுழுந்தாச்சிம்மா" என்றான் கோவிந்தன்.

அவர் முந்தானையை விலக்கித் திரையைப் பார்த்தார். அங்கே அதற்குள் வேறு காட்சி, கதாநாயகன் வசனம் பேசிக்கொண்டிருந்தார். பச்சையம்மாள் எழுந்து நின்றார். இடைவெளிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சின்னப்பனைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா மேனேஜரு, எம்புள்ள வுழுந்தத ஊரே பாத்துச்சி. இவுங்கல்லாம் தூக்கினு ஓடினதக் காட்டவே இல்லியே?"

"அதுக்குக் கேமரா இல்லீங்கம்மா" என்றேன்.

"அப்ப இன்னாத்துக்குப் படம் எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.